ரைன்லாண்டும் மாமாவின் ஜீப்பும்

ஒன்பது வயதில் நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஜெர்மன்காரர்கள் முதன்முதலாகக் கட்டிய நான்கு டிரெட்நாட் போர்க்கப்பல்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வேன்: நாசாவ், வெஸ்ட்ஃபாலன், ரைன்லாண்ட், போசன். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பெரிய பீரங்கிகள். சொல்லிக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொச்சியில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டராக இருந்துவிட்டு, எங்கள் மலையூரான ஏலப்பாறைக்குத் திரும்பி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். இரும்பில் செய்தது எதுவானாலும் அதன் பூர்வீகம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் பள்ளியிலிருந்து என்னைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தார். ஜீப்பில் வேறு ஆளில்லை. நான் பின்பக்க பெஞ்சில் இருந்தேன். அன்றைய கதை ரைன்லாண்ட். முதல் உலகப் போரின் பெரிய கடற்சண்டையில் குண்டடிபட்டு, பத்துப் பேரைப் பறிகொடுத்தும் கரை சேர்ந்த கப்பல். போரின் கடைசி வருடம் பின்லாந்துப் பக்கம் போனபோது மூடுபனியில் வழி தெரியாமல் பாறைமேல் ஏறிவிட்டது.

"அப்புறம் எப்பிடி மாமா எடுத்தாக?"

"பீரங்கி, நிலக்கரி, பக்கத்துத் தகடுன்னு எல்லாத்தையும் கழட்டி எறக்குனாக. எடை குறையவும் கப்பல் மெதந்துருச்சு. மூணு மாசம் ஆச்சு அதுக்கே."

சொல்லி முடிப்பதற்குள், "மஞ்சு எறங்குதே" என்று வேகத்தைக் குறைத்தார். சற்று நேரத்தில் சாலை இல்லை, தேயிலைச் செடிகள் இல்லை, எங்கும் பனியின் வெள்ளை. ஒரு வளைவில் மழையில் ஊறியிருந்த சாலையோரம் இடிந்தது. நான் பெஞ்சிலிருந்து ஜீப்பின் தரையில் விழுந்தேன். என் தண்ணீர்ப் பாட்டில் உருண்டு மாமாவின் காலடி வழியாக வெளியே போனது. அது விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

"புள்ள, அசையாத."

அது மாமாவின் குரல் போலவே இல்லை. முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. நான் மூச்சுவிட்டால்கூட ஜீப் ஆடியது. கீழே எங்கோ கற்கள் உருண்டுகொண்டேயிருந்தன. பாவாடை நனைந்துவிட்டது எனக்கு.

"பின்வாசல் தெரியுதா? மெல்ல ஊர்ந்து போய் எறங்கிரு."

"நீங்க?"

"நான் அப்புறம் வாரேன்."

மாட்டேன் என்று அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அசையாமலே கேட்டார்.

"ரைன்லாண்ட் எப்பிடிப் பொழச்சுச்சு?"

"எடையக் குறைச்சாக."

"ஆங். நீ எறங்குனா எடை குறையும்ல? வண்டி தானா மேல வந்துரும். மாமாவக் காப்பாத்த மாட்டியா?"

ஊர்ந்து போய் இறங்கினேன். என் கால் சாலையைத் தொட்டதும் ஜீப்பின் பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்து முனகியது.

"மாமா, மெதக்குது!" என்று கத்தினேன்.

"ஆமா தாயி. ரோட்ட விட்டு எறங்காம ஓடு. ஆளக் கூட்டிட்டு வா."

என் கையே எனக்குத் தெரியாத பனியில் ஓடினேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நான்கு ஆண்களும் ஓர் அக்காவும் இருந்தார்கள். வந்து பார்த்ததும் அந்த நால்வரும் ஜீப்பின் பின்கம்பியில் ஏறித் தொங்கினார்கள்; தூக்கியிருந்த பின்பக்கம் தணிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"எறங்குங்க! எடை கூடுது! மாமா செத்துருவாரு!" என்று ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த அக்கா என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். மாமா இருக்கையைத் தாண்டிப் பின்பக்கமாகவே ஊர்ந்து வந்து சாலையில் விழுந்தார்.

வீட்டில் நான்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் இறங்கியதால் ஜீப் மிதந்ததையும், விவரம் தெரியாத அந்த நான்கு பேர் காரியத்தைக் கெடுக்கப் பார்த்ததையும்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். "இவள எறக்கிவிட்டுட்டு நீ உள்ள இருந்தியா தம்பி?"

"சும்மா இரு அக்கா. அவதான் என்னயக் காப்பாத்துனா."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பனிக்குள் என்னைத் தனியாக ஓடவிட்டதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சமும் பயமாக இல்லை, நன்றாகத்தான் ஓடினேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.