மெஷினின் நெற்றியில் ஒரு வேல்

முட்டைத் தட்டுகளை ஏற்றி முடித்து, குஞ்சு பொரிக்கும் அந்த மெஷினுக்கு அப்பா கற்பூரம் காட்டிய காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எண்பதுகளின் நடுவில், நாமக்கல்லில் எங்கள் ஹேச்சரிக்கு அதுதான் முதல் ஈடு. சுற்றுவட்டப் பண்ணைக்காரர்களுக்கெல்லாம் குஞ்சு தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பொரிக்காவிட்டால் ஹேச்சரியும் இல்லை, ஊரில் தலைகாட்டவும் முடியாது. மெஷினை இயக்கிய சிப்புக்குப் புரோகிராம் எழுதியவர் என் வீட்டுக்காரர். மாமனாரை நம்பி, பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

மெஷினின் நெற்றியில் சிவப்புச் சிறு விளக்குகளால் ஒரு வேல் இருந்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு விளக்காக எரிந்து ஓடும். அது அப்பாவின் பிடிவாதம். என் வீட்டுக்காரர் வேண்டாமென்றுதான் சொன்னார்.

"நம்மூர்ல லாரிகூட நெத்தியில சாமி இல்லாம ஷெட்ட உட்டு வெளிய வராதுங்க மாப்ளெ. இதுக்கு மட்டும் வேண்டாங்களா?" என்றார் அப்பா.

மாமனாரிடம் எத்தனை தரம்தான் மறுப்பது? அதே சிப்பிலேயே விளக்கு ஓட்டத்தையும் சேர்த்து எழுதினார். வெறும் தட்டுகளை வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

கரு ஓட்டில் ஒட்டாமலிருக்க, தட்டுகள் அவ்வப்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய வேண்டும். சாய்ந்து ஒரு சுவிட்சைத் தொட்டதும் சிப்பு மோட்டாரை நிறுத்திவிடும். முட்டைப் பாரம் ஏறியதும் அவை வேகமாகச் சாய்ந்து, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயின. மேல்தட்டு முட்டைகள் சட்டத்தில் மோதி உடைந்தன. மோட்டாரை அணைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்த என் வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நேரத்தில் காரணம் பிடிபட்டது. ஒரு விளக்கை ஏற்றியபின், அடுத்ததை ஏற்றும் வரை சிப்பு சும்மா எண்ணிக்கொண்டிருக்கிறது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் அது சுவிட்சைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு என் வாஷிங் மெஷினுக்குள் கிடக்கும் சிப்பு இதையெல்லாம் விளையாட்டாகச் செய்துவிடும். அன்றைக்கு எங்கள் பிழைப்பே அந்த இமைப்பில் தொங்கியது.

"வேல் வெளக்காலதானுங்க மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புரோகிராமைத் திருத்த அறைக்குள் போனார். அதற்குமேல் விளக்கும் நிலையில் அவர் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வேல் விளக்கைப் பிடுங்கி எடுத்தார். இனிமேல் சரியாகிவிடும் என்று மோட்டாரைப் போட்டார்.

விளக்கு போனாலும் புரோகிராமுக்குள் அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இல்லாத விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றியபடி சிப்பு எண்ணிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் தட்டுகள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், அடுக்கு மொத்தமும் சரிந்து விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரர், தரையெல்லாம் வழிந்த முட்டைக் கருவில் கால்வைக்க முடியாமல் வாசலிலேயே நின்றார்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிடுங்கிய வேல் கையிலிருக்கக் கேட்டார்: "சாமியவே கழட்டிப்போட்டனுங்க மாப்ளெ. இன்னும் என்னத்தத்தான் கேக்குது அது?"

ஹேச்சரியை அத்தோடு மூடிவிட்டோம். அந்தக் கேள்விக்கு என் வீட்டுக்காரரிடம் பதில் இருந்தது, ஒரே வரியில் சொல்லக்கூடிய பதில்: கோளாறு வேலில் இல்லை, தான் எழுதிய புரோகிராமில். அப்பா உயிரோடு இருந்த வரைக்கும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.