வண்டிக்காரர் கொண்டுபோன கிண்ணம்

பிள்ளைகளே, கிண்ணம் கை தவறி விழுந்தால் உடையும் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போதே 'பட்' என்று தெறிக்கிற கிண்ணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ததும் எங்கள் வீட்டில்தான்.

அப்போது நாங்கள் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். சட்டி பானை செய்து சூளை வைப்பது தொழில். அப்பா சக்கரம் சுற்றி வனைவார். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஈரப் பானையைத் தட்டி மெலிதாக்கிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவாள். சித்தப்பா யோசனை செய்வார்.

அவர் ஒருமுறை ஏற்காட்டுக்குப் பானை கொண்டுபோனபோது, ஒரு துரை வெள்ளைக் கிண்ணத்தில் காப்பி குடிப்பதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் மண் மட்டும் ஏன் சிவப்பாகவே வேக வேண்டும்?

அந்தச் சமயம் பார்த்து, மல்லசமுத்திரத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் சூளைக்காரர்கள்தான். அதற்கு முன் வந்த இடங்கள் எதுவும் கைகூடாததால், அப்பாவும் அம்மாவும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் ஒரே குதூகலம்.

"நம்ம சூளையில வெந்த வெள்ளைக் கிண்ணத்துல காப்பி குடுப்போம். அசந்துபோயி அங்கேயே வெத்தலை பாக்கு மாத்தறாங்களா இல்லியா, பாருங்க!"

அதற்கு அவர் கண்டுபிடித்தது சுக்கான்கல். கரட்டிலும் ஓடையிலும் வெள்ளையாகக் கிடக்குமே, அதுதான். வனைகிற மண்ணில் அது குருணை அளவு கலந்தாலும் ஆபத்து. வெந்த பாத்திரத்தில் ஈரம் பட்டதும் அந்த இடம் உப்பிச் சில்லு தெறிக்கும். ஆகையால் சூளைக்காரர் வீட்டில் முதல் வேலையே மண்ணிலிருந்து சுக்கானைப் பொறுக்கி எறிவது. சித்தப்பா அதை வீட்டுக்குள் சுமந்துகொண்டு வந்தார்!

"ஏன்டா, பாம்பைப் புடிச்சு மடியில கட்டறியா?" என்றார் அப்பா.

"மாவாட்டம் இடிச்சுத் துணியில சலிச்சுப்புட்டா, பல்லுப் புடுங்கின பாம்புதானுங்கண்ணா!"

எனக்கோ கொண்டாட்டம்! கரட்டில் ஏறி மடி நிறையக் கல் பொறுக்கினேன். ஏரியில் தண்ணீர் இறங்கிய இடத்தில், தொட்டால் வழுக்குகிற வண்டலை வழித்துக் கூடையில் அள்ளினோம். அத்தை கல்லை உரலில் இடித்து, பழைய சேலைத் துணியில் சலித்துக் கொடுத்தாள். கடைசிப் பொடியைச் சலிக்கும்போது துணி கிழிந்துவிட்டது. அவள் வேறு துணி எடுத்து வருவதற்குள், பொறுமையில்லாத சித்தப்பா மிச்சத்தை அப்படியே மண்ணில் கொட்டிவிட்டார்.

"ரெண்டு குருணையில என்ன ஆயிறப் போவுது? மிதி சாமி, மிதி!" என்றார். நானும் குதித்துக் குதித்து மிதித்தேன்.

அப்பா முணுமுணுத்துக்கொண்டே வனைந்தார். அத்தை தேய்த்த தேய்ப்பில் ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பும் வெற்றிலை கனத்துக்கு வந்தது. பெண் பார்க்க வரும் நாள் காலையில்தான் சூளையைப் பிரிக்க முடிந்தது. சாம்பலை ஒதுக்கியதும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். பாலாடை நிறம்! எங்கள் சிவப்பு மண்ணா இது! சித்தப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

மத்தியானம் கூட்டுவண்டி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். வண்டிக்காரர் வெளியிலேயே மாட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை கொண்டுவந்து கொடுத்த கிண்ணத்தை அந்தப் பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, வெள்ளைக்காரன் கெட்டானுங்க!" என்று அவர் சொன்னதும் சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

வண்டிக்காரருக்கும் ஒரு கிண்ணம் காப்பியை நான் வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பாதி குடித்திருப்பார், உள்ளே 'பட்' என்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியவரின் கிண்ணத்தில் ஒரு சில்லு தெறித்து, வெள்ளை வேட்டியெல்லாம் காப்பி. அவர் சில்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சூளைக்காரங்க ஊட்டுல சுக்கானா?"

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சித்தப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். 'போயிட்டு வாரோம்' என்று சொல்லாமல், "போறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் வண்டியில் ஏறினார். அத்தை சக்கரக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வண்டிக்காரரின் கிண்ணமும் விளிம்பில் சில்லு விட்டிருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் உள்ளும் புறமும் தடவிக்கொண்டு நின்றார்.

"இதை மெருகு போட்டது யாரு சாமி?"

"எங்க அத்தைங்க."

"காத்தாட்டம் தட்டியிருக்கறாங்க" என்றவர், கிண்ணத்தைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டார்.

"எங்க கிண்ணமுங்க!" என்று கத்தினேன்.

"நானே கொண்டாந்து குடுக்கறேன்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சில நாள் கழித்து அவர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கிண்ணத்தைக் கொண்டுவரவில்லை. பதிலுக்கு ஒரு மூட்டை மண். "எங்க ஏரி மண்ணுங்க. சுக்கானே கெடையாது" என்று அப்பாவின் முன்னால் இறக்கி வைத்தார். பிடித்தால் அப்படியே உருண்டு நிற்கிற அற்புதமான மண்! நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு யானை பிடிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் அப்பாவைத் தனியே அழைத்துப்போய் என்னவோ பேசினார். அப்பா அத்தையைக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

அத்தை குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"நல்ல மண்ணுங்கண்ணா."

நான்தான் அதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டேனே! ஆனால் அதற்குள் அம்மா அடுப்பில் ஒப்பிட்டுக்கு, அதாவது போளிக்கு, பருப்பு வேகப் போட்டுவிட்டாள். மூலையில் கிடந்த சித்தப்பா எழுந்து வந்து மறுபடியும் என்னைத் தோளில் தூக்கி ஆடினார். ஒரு மூட்டை மண்ணுக்கே ஒப்பிட்டு என்றால் இரண்டு மூட்டைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது, நான் வண்டிக்காரர் என்று நினைத்திருந்தவர், அதாவது பெரியவரின் மகனான அந்த மாப்பிள்ளையே, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து கல்யாண மணையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்காரும் வரையில் எனக்கு விளங்கவே இல்லை.