இடி இடித்தபோது நான் அணைத்த நட்சத்திரங்கள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்லப் போனால் இன்னொன்று மறந்துபோகிறது. இது நடந்தது போன வருடம், தீபாவளிக்கு ஒரு மாதம் முந்தி இருக்கும், ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மாசாயில் என் வீட்டில். தேதி நினைவில்லை. மத்தியானமானால் நாள் தவறாமல் இடியும் மழையுமாக இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தனியாகத்தான் இருக்கிறேன். மேல்மாடி அறை சும்மா கிடந்தது. மாதா கோவிலில் தெரிந்தவர் ஒருவர் கேட்டார் என்று ஒரு பெண்ணைக் குடிவைத்தேன். முப்பது வயதிருக்கும். ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அது போக, தானும் ஒரு பெரிய படிப்புப் படிக்கிறாள். காலையில் மோட்டார் சைக்கிளில் போனால் சாயந்திரம்தான் வருவாள். நான் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

வரும்போதே பெரிய கணினி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குக் கீழே வைக்கக் கறுப்பாக ஒரு பேட்டரிப் பெட்டி. அதை விற்ற சீனர், வயதானவர், முட்டி வலியோடு தானே மாடிப்படி ஏறிக் கொண்டுவந்து வைத்தார். நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஆன்டி, இந்த மெஷின மட்டும் தொட்டுறாதீங்க. இது ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கணும். கரண்ட் போனாகூட இந்தப் பெட்டி கொஞ்ச நேரம் தாங்கும்" என்று சொல்லியிருந்தாள்.

"உன் ரூம்ல எனக்கு என்னம்மா வேலை" என்றேன். அது என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் புரியவா போகிறது என்று இருந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில். சின்ன வயதில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்குள் கம்பி வழியாக மின்னல் இறங்கியது. வானொலிப் பெட்டி வெடித்து, சுவர் கூரை வரைக்கும் கரியாகிவிட்டது. அன்றிலிருந்து இடிச் சத்தம் கேட்டால் அம்மா மெயின் சுவிட்சை அடைத்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார். கண்ணாடியைத் துணியால் மூடுவார். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொண்டுவந்த ஓலையில் ஒரு துண்டு கிள்ளிக் கொளுத்துவார். நானும் அப்படியே பழகிவிட்டேன். மாசாயிலும் இடி என்றால் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நான் ஒருபடி மேலே, மெயினையே அடைத்துவிடுவேன்.

அவள் குடிவந்த புதிதில் மழையே இல்லை. அதனால் என் பழக்கம் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். வானம் இருட்டி, முதல் இடியே தலைமேல் விழுந்தது போல் இருந்தது. ஓடிப்போய் மெயினை அடைத்தேன். அவள் தொடாதே என்ற மெஷினைத் தொடவில்லையே என்று மனதுக்கு ஒரு சமாதானம். ஜன்னலைச் சாத்தும்போது மாடியில் கீச் கீச்சென்று ஒரு சத்தம். ஏறிப் போனேன். அந்தக் கறுப்புப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. மின்னல் அதற்குள் இறங்கிவிட்டது, வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன். அதிலிருந்த பித்தானை அழுத்திப் பிடித்தேன். சத்தம் நின்றது. கணினியின் விளக்குகளும் அவிந்தன. வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கீழே வந்து ஓலையைக் கொளுத்திவிட்டு ஜெபம் சொன்னேன்.

மழை விட்டதும் மெயினைப் போட்டு, மேலே போய் அந்தப் பித்தானையும் அழுத்தினேன். விளக்கு வந்தது. அணைத்துப் போட்டால் தொலைக்காட்சி திரும்ப ஓடுவதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று நிம்மதியாகிவிட்டேன்.

சாயந்திரம் நனைந்துகொண்டு வந்தவள் நேரே மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஆன்டி, இன்னிக்குக் கரண்ட் போச்சா?"

"ஆமாம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நேரமா?"

"கொஞ்ச நேரந்தான்."

"அப்படின்னா பெட்டிதான் மோசம். கொஞ்ச நேரங்கூட தாங்காத சாமான நல்ல சாமான்னு சத்தியம் பண்ணி என் தலையில கட்டிட்டாரு அந்த அங்கிள். நாளைக்கே தூக்கிட்டுப் போய் அவரு மேசையில போட்டு நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

எனக்கு அந்தக் கடைக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறியதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. சோறு இறங்கவில்லை. தேத்தண்ணி கலக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவருகிலேயே நின்றுகொண்டு, "அம்மா, கரண்ட் போகல. நாந்தான் மெயின அடைச்சேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "சரி, பெட்டி?"

"அதையும் நாந்தான். கத்துச்சும்மா. வெடிச்சிரும்னு பயந்துட்டேன்."

"ஐயோ அலமாக், ஆன்டி. கரண்ட் இல்லன்னு சொல்லத்தான் அது கத்தும்."

அவ்வளவுதான் சொன்னாள். தேத்தண்ணியை வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தபோது என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினாள். கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள், கொட்டிவைத்த ரவை மாதிரி. நடுவில் மட்டும் நெருக்கமாகச் சில சிவப்புப் புள்ளிகள்.

வெள்ளையெல்லாம் நட்சத்திரம் என்றாள். வானத்தில் சில இடங்களில் நட்சத்திரங்கள் ஆயிரமாய், லட்சமாய் ஒரே கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்குமாம். அதில் ரொம்பப் பெரிய நட்சத்திரம் செத்தால் அது தனக்குள்ளேயே இடிந்து கருந்துளை ஆகிவிடுமாம். உள்ளே போன வெளிச்சம்கூட வெளியே வராது. ஆனால் கனம் மட்டும் இருக்கும். அதுதான் சிவப்பு. அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குகிற மாதிரி, கனமானவை மெல்ல மெல்லக் கூட்டத்தின் நடுவுக்கு இறங்கிவிடுமாம். அங்கே இரண்டு ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று சுற்றும். மூன்றாவதாக ஒன்று கிட்டே வந்தால் அது தூர வீசப்படும், ஜோடி இன்னும் நெருங்கும். கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்த நேரம் வெட்டவெளியே குளத்துத் தண்ணீர் போல அலை அடிக்குமாம். கோடிக்கணக்கான வருடம் கழித்து அந்த அலை நம் பூமியையும் தாண்டிப் போகிறதாம். அதைப் பிடிக்கக் கருவி வைத்திருக்கிறார்களாம்.

"அப்படிப் பிடிச்சதுல சிலது ரொம்பப் பெருசு, ஆன்டி. ஒரே நட்சத்திரம் செத்து அவ்ளோ பெருசா வராது. அப்ப எப்படி வந்துச்சு? ஒண்ணா சேர்ந்தது, திரும்ப இன்னொண்ணோட சேர்ந்து, திரும்பவும் சேர்ந்திருக்கணும். அப்படி மூணு தடவ நடக்குமான்னுதான் நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

"ஏன் நடக்காது? பக்கத்துலதானே எல்லாம் இருக்கு?"

"ஒவ்வொரு தடவ சேரும்போதும் ஒரு உதை விழும். உதை பலமா இருந்தா கூட்டத்த விட்டே பறந்துரும். அப்புறம் தனியா எதோட சேர? கல்யாணத்த முடிச்ச கையோட வீட்ட விட்டு ஓடுற மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்புப் போய்விட்டது. நான் அணைத்த அன்று காலையில் இரண்டாவது சேர்க்கையும் முடிந்து, உதை வாங்கியும் அது கூட்டத்துக்குள்ளேயே நின்றிருந்ததாம். மூன்றாவதற்குத்தான் காத்திருந்தாளாம். கணினி அவ்வப்போது கணக்கைச் சேமித்து வைக்குமாம். கடைசியாகச் சேமித்தது நாலு நாளுக்கு முந்தி, இரண்டாவது சேர்க்கைக்கும் முந்தி. அதன் பிறகு நடந்த எதுவும் இப்போது இல்லை.

"நாலு நாள் திரும்ப ஓடினா அதே மாதிரி வந்துருமில்லம்மா?"

"வராது, ஆன்டி. சேமிக்கும்போது எண்ணோட வால் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கும். இவ்ளோ நெருக்கத்துல ஒரு புள்ளி துளியூண்டு தள்ளி இருந்தாலே அப்புறம் எல்லாமே மாறிரும். அது அவ்வளவுதான். இப்ப ஓடுறது வேற கதை."

மூன்று வாரத்தில் அவள் தன் பேராசிரியருக்கு முடிவை அனுப்பியாக வேண்டும். அந்த நாட்களில் மூன்றாவது வராவிட்டால் அவள் எழுதியது பாதியில் நிற்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் கேட்டாள். "பகல்ல நான் இருக்கமாட்டேன். நீங்களே பார்த்துக்கிறீங்களா? சிவப்பு ஏதாச்சும் மாறினா ஒரு புஸ்தகத்துல எழுதி வைங்க. இடி இடிச்சா மட்டும்..." நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அடைக்கமாட்டேன்" என்றேன். அவள் இடிதாங்கும் பிளக் ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள். கடைக்காரர் அங்கிள் இதற்கு உத்தரவாதம் கொடுத்தாராம். கேட்டுக்கொண்டேன். கம்பி வழியாக இறங்கிய மின்னலைக் கண்ணால் பார்த்தவளுக்கு உத்தரவாதம் எந்த மூலைக்கு?

நாலைந்து நாள் தூறலோடு போயிற்று. சமையல் முடித்து, துணி காயப்போட்டு, மாடிக்குப் போய் உட்கார்வேன். சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் மாறும். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் பல்லாயிரம் வருடம் என்று சொல்லியிருந்தாள். நான் ஒரு வெங்காயம் உரிப்பதற்குள் எத்தனை தலைமுறை போய்விட்டது என்று நினைத்தால் கத்தியைக் கீழே வைத்துவிடத் தோன்றும்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. போன தடவையைவிடப் பெரிய இடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் கால் தானாக எழுந்து படியில் பாதி இறங்கிவிட்டது. மெயின் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை அடைத்தால் மூன்று வாரமும் போச்சு, இனி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது. திரும்ப ஏறினேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், எதையும் தொட்டுவிடக் கூடாது என்று.

அப்போதுதான் பார்த்தேன். நடுவில் பெரிய சிவப்பும் அதைவிடச் சின்ன ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே மின்னல் வெட்டியது. அடுத்த படத்தில் ஒன்றுதான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒரு சிவப்பு குறைந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் அது நடுவிலிருந்து விலகியிருந்தது. அடுத்ததில் இன்னும் தூரம். வெள்ளைப் புள்ளிகளுக்குள் புகுந்து ஓரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. இடி இடித்துக்கொண்டுதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. அதற்குச் சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, பார்க்க ஒருவரும் கிடையாது. அவ்வளவு கனம் அவ்வளவு இருட்டில் இப்படிக் கிளம்பிப் போகிறது. இதையெல்லாம் படைத்துவிட்டு ஆண்டவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருக்கிறாரே என்று உடம்பு சிலிர்த்தது. அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் இடியில் போன் பேசவும் பயம். புத்தகத்தில் எழுதினேன்: "மூணு மணி பத்து. ரெண்டு சிவப்பு ஒண்ணாச்சு. வெளிய போகுது. பெருசா இருக்கு."

அவள் வந்து அதைப் படித்தாள். திரையில் ஏதேதோ எண்களைப் பார்த்தாள். "ரெண்டாவது சேர்க்கை இது. உதை பலமா விழுந்திருக்கு, ஆன்டி. போயிருமா, நிக்குமான்னு தெரியல" என்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் அது ஓரத்திலேயே இருந்தது. படத்துக்குப் படம் வேகம் குறைந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் கல்லூரிக்குக் கிளம்பித் தலைக்கவசம் மாட்டியபடி என்னைக் கூப்பிட்டாள். கூட்டம் அதை இழுத்துப் பிடித்துவிட்டது. அது திரும்பி வந்துகொண்டிருந்தது.

அனுப்ப வேண்டிய நாள்வரை மூன்றாவது சேர்க்கை நடக்கவில்லை. நடந்தவரைக்கும் எழுதி அனுப்பினாள். இடையில் மின்சாரம் நிறுத்தப்பட்டதால் கணக்கு பாதியிலிருந்து மறுபடி ஓடியது என்பதையும் மறைக்காமல் எழுதினாளாம். "யாரு நிறுத்தினான்னு எழுதினியாம்மா?" என்று கேட்டேன். "அவங்க கேக்கல, ஆன்டி" என்றாள். இன்னும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லிப் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து, நாங்கள் இருவரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மாடியில் யாரும் பார்க்காமலே மூன்றாவதும் நடந்து முடிந்திருந்தது.

நான் அணைத்துவிட்ட அந்த முதல் கணக்கை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதில் அந்தப் பெரியது எங்கே போயிருக்கும், தங்கியதா, தொலைந்ததா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ஒரு நிமிடம் பயந்ததில் போனது அது.

கருந்துளையைப் பற்றி நான் எழுதியதில் தப்பிருக்கும். அவள் சொன்னதை என் புத்திக்கு எட்டிய அளவில்தான் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். நான் பொய் சொன்ன இடத்தை மட்டும் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.