பூங்காவைச் சுற்றிக் கட்டிய வலை

போன வருடம் பங்குனி வெயிலில், திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பூங்காவில் இது நடந்தது.

குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த காணி அது. அதைத் திருத்தி, சனங்களுக்கு இருக்க நிழலும், ஊருக்குள் திரியும் புள்ளிமான்களுக்குப் புல்லும் தண்ணீரும் தருவோம் என்று ஒரு குழு தொடங்கினோம். ஊர் கூடித் தேர் இழுக்கப் போய், கடைசியில் வடம் என் கையில் மட்டும் மிஞ்சியது. கந்தோரில் வேலை முடிந்து வந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பேன். விடிந்து பார்த்தால் மரக்கன்றுகளை மான்கள் மொட்டையடித்திருக்கும். மான்களுக்காகத் தொடங்கிய வேலையில் மான்களையே திட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு குழுவில் ஒருவர் சல்லி என்ற மீனவர் ஊரிலிருந்து பழைய மீன்வலை கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வேலி என்றால் முதலில் கை போவது பழைய வலைக்குத்தான், அதனால் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. சுற்றிவர வலையைக் கட்டி, கன்றுகள் தலையெடுக்கும் வரை யாரும் வரவேண்டாம் என்று கேற்றையும் பூட்டினோம். பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது.

அன்று பின்னேரம் வாளியும் செடி வெட்டும் கத்தரிக்கோலுமாகப் போனபோது, கேற்றுக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் வெயிலில் குந்தியிருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து கிளினிக்குக்கு வந்தவர்களாம். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி.

"உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் இருக்கலாமா அக்கா?" என்று கணவர் கேட்டார்.

"ஏலாது தம்பி, கன்று வச்சிருக்கு," என்றேன். களைத்துப்போயிருந்தேன், குரலும் அப்படித்தான் வந்தது.

அந்த நேரம் பின்பக்கமாகத் தடதடவென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், வெளியிலிருந்து தலையை நீட்டிய ஒரு கலைமான் வலையில் சிக்கியிருந்தது. கொம்பில் சுற்றிய நைலோன் கழுத்தையும் வளைத்திருந்தது. உதற உதற இறுகியது. நாக்கு வெளியே தள்ளிவிட்டது. எங்கள் வலையே அதைக் கொல்லப்போகிறது என்ற பயத்தில் கத்தினேன்.

"கிட்டப் போகாதீங்க அக்கா, மிரண்டா இன்னும் இறுகும்!" என்று ஓடிவந்தார் அந்தக் கணவர். பின்னால் மூச்சு வாங்க வந்த மனைவியின் பையில் அன்று வாங்கிய, ஆண்கள் உடுத்தும் புதுச் சாரம் ஒன்று இருந்தது. "இஞ்ச, அந்தச் சாரத்தத் தா!" என்று பறித்து, மானின் தலைமேல் போட்டு மூடினார். கண் மறைந்ததும் அது கொஞ்சம் அடங்கியது. முழங்காலால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு, "முதல்ல கழுத்துப் பக்கம் வெட்டுங்க," என்றார். கையிலிருந்த கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டினேன். கடைசி இழை அறுந்ததும் மான் அவர் தொடையில் ஓர் உதை விட்டுப் பாய்ந்தது. சாரம் இரண்டாகக் கிழிந்து கிடந்தது.

அவர் தொடையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஒரு ஸலாம் கூடச் சொல்லாமப் போறாரே!"

எனக்கோ அழுகை வந்துவிட்டது. பல மாதக் களைப்பும் சேர்ந்து வந்த அழுகை. கேற்றைத் திறந்து, "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ," என்றேன். மனைவி வேப்பமரத்து நிழலில் போட்டிருந்த வாங்குப் பலகையில் மெல்ல இருந்து, வீங்கிய கால்களை நீட்டி, கண்களை மூடிக்கொண்டார். "நல்ல காத்து," என்றார். நாங்கள் போட்ட அந்த வாங்கில் இருந்த முதல் ஆள் அவர்தான்.

அடுத்த நாளே நானும் வலை தந்தவருமாக அதைக் கழற்றினோம். இப்போது கன்றுகளைச் சுற்றி முள்ளுக் கொப்புத்தான். அதையும் தாண்டி மான்கள் பாதியைத் தின்கின்றன, நான் திரும்ப நடுகிறேன். முதுகு வலிக்கிறது. குழுக் கூட்டத்துக்கு இன்னும் ஒருவரும் வருவதில்லை. களைப்பு போகவே இல்லை. ஆனால் எல்லோரையும் வெளியில் விட்டுவிட்டுப் பூங்காவைக் காத்துக் களைப்பதைவிட, வந்து போகிறவர்களுக்காகக் களைப்பது எவ்வளவோ மேல் என்பது, அந்தப் பெண் கண்மூடி இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்கு விளங்கியது.