நான் திருத்திய பெரட்டுப் புத்தகம்

எங்கள் ரப்பர் தோட்டம் ஜித்ராவுக்குப் பக்கம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். இருபது வருஷமாகப் பெரிய கிராணியாக இருந்தவரே தோட்டத்தை நடத்தினார். நான் சின்ன கிராணி, அவருக்குக் கீழே கணக்கு எழுதுகிறவன். அவரைக் கண்டால் ஆட்கள் தலைத்துண்டை எடுப்பார்கள். என்னைக் கண்டால் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். எனக்கு வயிறு எரியும்.

பால்வெட்டு நின்று மரவள்ளி நட ஆரம்பித்திருந்தோம். சயாம் ரயில் பாதைக்கும் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முந்திக்கொண்டு ஜப்பான் பாஷை கற்றேன். ஒருநாள் ஜப்பான் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிழவர் இனிமேல் இந்த வேலைக்குச் சரிப்படுவாரா?" என்று கேட்டான்.

இதற்குத்தானே காத்திருந்தேன். காலைப் பெரட்டில் ஆள் பதியும் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். திடமாக மண்வெட்டி பிடிக்கும் வாலிபர்களின் பெயருக்கு நேரே பெரிய கிராணி 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார். "வயசாகிவிட்டது, தப்புத் தப்பாக எழுதுகிறார்," என்றேன். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியும் கொடுத்தேன்.

மறுநாள் அவர் நாற்காலி எனக்கு வந்தது. அந்த வாரமே சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்ற லாரியும் வந்தது. நான் திருத்திய பெயர்களைத்தான் வரிசையாகப் படித்து ஏற்றினார்கள்.

லாரி போனபின் அவர் என்னிடம் வந்தார். "காய்ச்சல்காரன ஜப்பான்காரன் ஏத்த மாட்டான் தம்பி. உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு," என்றார்.

அன்றைக்கும் பெண்கள் அழுதுகொண்டு அவர் வீட்டுக்குத்தான் போனார்கள்.

இன்றும் அவர்மேல் எனக்குப் பொறாமைதான். தெரிந்தே தப்பாக எழுத அவருக்குக் கை நடுங்கவில்லை. எனக்குச் சரியாக எழுத மட்டும்தான் தெரிந்திருந்தது.