கெட்டிமேளத்தில் வாயடைத்த பெட்டி

எங்கள் மகனின் கல்யாணம் சிட்னியில் நடந்தபோது எனக்கும் மனைவிக்கும் விசா கிடைக்கவில்லை. பிறகு ஒரு டிவிடி வந்தது. அதைத் தனியாகப் பார்க்க மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் தீவில், வோட்டுவாலேவு ஊரில் மிச்சமிருந்த சொந்தக்காரர்களை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொன்னாள். பாயசம் வைத்தாள். அரிசியில் மஞ்சள் கலந்து தாம்பாளத்தில் எடுத்துவைத்தாள். எங்கள் பக்கம் நாதஸ்வரம் வாசிக்க ஆள் கிடையாது. சிட்னியில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்து வாசித்தார்களாம். தாலி கட்டும்போது அந்த மேளத்தைக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே தன் கையால் அட்சதை போட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சத்தம் என் பொறுப்பு. நான் டாக்ஸி ஓட்டுகிறவன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு எத்தனை குடும்பங்களை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு குடும்பம் போகிறபோது தங்கள் ஹோம் தியேட்டர் ரிசீவரையும் இரண்டு ஸ்பீக்கரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனது. வந்த நாளிலிருந்து அது எனக்குக் கவலைதான். ஸ்பீக்கர் பலகையில் கரையான் ஏறுமோ, ஒயரில் சிவப்பும் கறுப்பும் மாறிவிடுமோ, கரண்ட் போகுமோ. கவலைப்பட வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

பெண்கள் உள்ளே டிவி முன்னால். ஆண்கள் வெளியே போர்ச்சில் தனோவா என்ற மரக்கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து யாங்கோனா வேர்ச்சாறு குடிப்பார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்று பழைய டாக்ஸியின் கதவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இரண்டைப் பலகைப் பெட்டியில் பொருத்திப் போர்ச்சில் வைத்தேன். உள்ளே இருந்த ஸ்பீக்கர்களை மாட்டிய அதே முனைகளில் இவற்றின் ஒயரையும் சேர்த்து முறுக்கினேன்.

மந்திரம் நன்றாகவே கேட்டது. மகன் தாலியைக் கையில் எடுத்தான். மேளம் எழும்பியது. ரிசீவருக்குள் 'டக்' என்றது. சத்தம் நின்றுவிட்டது. படம் மட்டும் ஓட, அவன் ஊமையாகத் தாலி கட்டினான். என் மனைவி அரிசியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். யாரும் போடவில்லை.

"பின்னாடி ஓட்டுங்க," என்றாள்.

ஓட்டினேன். அணைத்துப் போட்டதும் பேசியது. மேளம் எழும்பியதும் மறுபடியும் டக்.  போர்ச்சிலிருந்து அவளுடைய தம்பி எழுந்து வந்தான். நாண்டியில் காருக்கு ஸ்டீரியோ மாட்டுகிறவன்.

"என்னா மாமா, மாப்பிள்ளைய ஊமையாக்கிட்டியா?" என்று ரிசீவரின் பின்பக்கம் குனிந்தான். சிரித்துவிட்டான். "அரே, கார் ஸ்பீக்கரு நாலு ஓமு. உள்ள இருக்கிறது எட்டு. ரெண்டையும் ஒரே எடத்துல கட்டினா சேந்து மூணுக்கும் கீழ போயிரும். ஓமு கொறஞ்சா பொட்டிக்குப் பாரம் கூடும். இந்தப் பொட்டிக்கு எட்டுக்குக் கொறையக் கூடாதுன்னு இங்கயே எழுதியிருக்கு பாரு. மெல்லப் பேசினா தாங்கும். கெட்டிமேளத்துக்குத் தாங்காது. எரிஞ்சிரக் கூடாதுன்னு அதுவே வாய மூடிக்குது."

"அப்ப என்னாடா செய்யிறது?"

"கழட்டு. போர்ச்சுல கேக்காது, அவ்வளவுதான்."

"கழட்டுடா. கேக்கணும்னா உள்ள வரட்டும்," என்றாள் என் மனைவி.

அவன் போர்ச்சின் ஒயர்களைக் கழற்றினான். ஆண்கள் கிண்ணத்தோடு எழுந்து வந்தார்கள். சோபாவின் கைப்பிடியில், சுவரோரம், அடுக்களை வாசலில் என்று நெருக்கி நின்றார்கள். "இப்பத்தான் கல்யாண வீடு மாரி இருக்கு. இடம் இல்ல," என்றது ஒரு குரல். நான் மறுபடியும் பின்னால் ஓட்டிவிட்டு, ரிசீவர் பக்கத்தில் மண்டி போட்டு, அதன் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் அணைந்தால் அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியாது.

மேளம் எழும்பியது. நிற்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரிசி டிவி மேலும் என் தலை மேலும் விழுந்தது.

எல்லாரும் போன பிறகு தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "புள்ள தாலி கட்டுனத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க பாத்தீங்க. பொட்டியத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க." அவளே பின்னால் ஓட்டினாள்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வையி," என்றேன். ரிசீவரின் மேல்மூடித் துவாரங்களில் மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது. சூட்டில் கருகிவிடுமோ என்று ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அத அப்பறம் எடுக்கலாம். இங்க பாருங்க," என்றாள்.