ஓரிக்கைக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல்

வீடு வாங்க வைத்திருந்த பணத்தில் காடு வாங்கலாமா என்று என் கணவர் கேட்டபோது நான் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு, "இன்னா சொன்னீங்க?" என்றேன். அவர் திரும்பச் சொல்லவில்லை. எங்கள் அடுப்படிக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மாவின் அடுப்படிக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டிதான் இருந்தது. அந்த அம்மாவுக்குக் காது மட்டும் கடவுள் கூடுதலாகக் கொடுத்திருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நீள வீட்டில் மூன்று குடித்தனம், மூன்று தறி. எங்களுடையது நடுவில். நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு ஒரு ஆள் போதாது. அவர் தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தவர்கள்தாம் நாங்கள். ஆனால் "இழு", "விடு", "நூல் அறுந்துட்சி" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. இந்தப் பக்கத் தறி கேட்கும், அந்தப் பக்கத் தறியும் கேட்கும். ராத்திரி பேசலாம் என்றால் தட்டி கேட்கும். கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடியும், யார் காதிலும் விழாமல் நாங்கள் பேசிக்கொண்ட ஒரு முழு வாக்கியம் எனக்கு நினைவில் இல்லை.

எனக்கு வேண்டியது சொந்த வீடு. அதே தெருவில், எதிர்வரிசையில், பட்டணத்துக்குக் குடிபோக இருந்த ஒரு குடும்பத்தின் வீடு. கூடம் நீளமாக, தறிக்கென்றே கட்டியதுபோல இருக்கும். பின்னால் கிணறு. அந்த வீட்டில் எந்த மூலையில் அரிசிப் பானை, எந்த ஆணியில் சாமி படம் என்பது வரைக்கும் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மா மாதம் தவறாமல், "எம் புள்ளைக்குக் கல்யாணம் ஆனா எடம் வேணும்மா" என்று நினைவூட்டுவாள். தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். குழியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அதை மூடிவிட்டு, புது வாசலில், புதுத் தரையைத் தோண்டி, அந்தக் குழி காலுக்குப் பழகும்வரை முட்டி வலியோடு நெய்ய வேண்டும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த நேரத்தில்தான் இவருக்குக் காட்டு ஆசை வந்தது. வந்த விதமும் சாதாரணம்தான். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் எங்களுக்கு வேலை கிடையாது. குழியில் தண்ணீர் ஊறும், பட்டு ஈரம் குடித்துத் தொய்யும், தெரு நீளத்துக்கு நூலை விரித்துப் பாவு போட முடியாது. வருஷத்தில் நெசவாளிக்கு வாய்க்கிற விடுமுறை அதுதான். அந்த வருஷம் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஊரே பார்க்கப் போனது. எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவது தேர் வருகிற மாதிரி. பிள்ளை குட்டிகளோடு போய்ப் பார்ப்போம். இவரும் கூட்டாளிகளோடு சைக்கிளில் போனார். ஓரிக்கையைத் தாண்டி ஆற்றோரமாக ஒரு பெரிய பொட்டல். ஏர் பிடித்ததே இல்லை, கிணறு இல்லை, வேலி இல்லை. விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூட்டாளிகள் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். இவர் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் நானும் பார்க்கப் போனேன். தெருவில் கேரியரில் உட்கார வெட்கம். தெருமுனைவரை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக, நான் சம்பந்தமே இல்லாதவள்போலப் பின்னால் நடந்தேன். முனை திரும்பியதும் ஏறிக்கொண்டேன்.

போய் நின்றால், பச்சை. கண் போகிற தூரமெல்லாம் முழங்கால் உயரப் புல். பள்ளத்தில் எல்லாம் தண்ணீர் தேங்கிக் கொக்குகள் நின்றன. ஓரத்தில் ஆறு சலசலவென்று போனது. திரும்பிப் பார்த்தால் கோயில் கோபுரம் விரல் உயரத்துக்குத் தெரிந்தது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து, சேற்றில் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறக்கும்படி சிரித்தார். வீட்டில் அவர் சிரித்தால் மீசைதான் கொஞ்சம் அசையும். இவரிடம் இவ்வளவு பெரிய சிரிப்பு இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. கோபப்பட வேண்டியவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் நான் லேசில் மசிகிறவள் இல்லை.

"இத வாங்கி இன்னா பண்ணப் போறீங்க? நெல்லு போடுவீங்களா?"

"எனக்கு ஏரு புடிக்கத் தெரியாதே."

"வீடு கட்டுவீங்களா?"

"இங்க எதுக்கு வீடு?"

"பின்ன?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் பண்ண வேணாம்மா. வரணும். உக்காரணும். போவணும். அவ்ளோதான்."

இந்தப் பதிலை எந்தப் பெண்டாட்டி ஒத்துக்கொள்வாள்? ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், "ஜமீன்தாரம்மா வராங்கோ, வழி வுடுங்கோ" என்றார்கள். சொந்தக்காரம்மாவோ என் மேல் உண்மையாகவே பரிதாபப்பட்டு, "ஏம்மா, அவருக்கு யாருனா மருந்து கிருந்து வெச்சிட்டாங்களா?" என்று விசாரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேலி செய்தவர்கள் மேல் பாதி, அவர் மேல் மீதி. கார்த்திகை, மார்கழி எல்லாம் தறியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நாடா ஓட்டினேன். கோபத்தை எல்லாம் இழுப்பில் காட்டினேன். அந்தப் புடவையின் கரை ஒரு பக்கம் விறைத்து நின்றதாக, எங்களுக்குப் பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி குறை சொன்னார். அப்போதும் இவர் என்னை வற்புறுத்தவும் இல்லை, ஆசையை விடவும் இல்லை. பாவு நூலின் இழுவிசை பார்க்கிறவர் மாதிரிப் பொறுமையாக இருந்தார்.

உண்மையைச் சொன்னால், நானும் உள்ளுக்குள் எடை போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தட்டில் கிணற்றோடு ஒரு வீடு. இன்னொரு தட்டில் ஒரு சிரிப்பு. எந்தக் கணக்கில் இது சரியாக வரும்? வீடுதான் கனம் என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்வேன். மறுநாள் காலை அவர் குழிக்குள் இறங்கும்போது முதுகு வளைந்து உட்காருவதைப் பார்த்ததும் மறுபடி தடுமாறும்.

பங்குனியில் நிலத்துக்காரர் எங்களைத் தேடி வந்தார். செவிலிமேட்டுப் பக்கம் ஏரிப்பாசன நிலங்கள் உள்ள விவசாயக் குடும்பம். ரைஸ் மில் வைக்கிற யோசனையில் இந்தப் பொட்டலைத் தள்ளிவிடப் பார்த்தார். இவர் அட்வான்ஸ் பேச்சை எடுத்ததும், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருப்பா. நீ ஐப்பசியில பாத்துட்டுப் பேசுற. தறிக்காரங்க எல்லாரும் இப்டித்தான். மழை பேஞ்சாதான் உங்களுக்கு லீவு, அப்போதான் நெலம் பாக்க வரீங்க. எந்த நெலம்பா மழையில அழகா இருக்காது? நாங்கல்லாம் சித்திரையில பாத்துட்டுத்தான் வாங்குவோம். நீயும் ஒரு வாட்டி வந்து பாத்துட்டு அப்பால சொல்லு. நாளைக்கு என்னியத் திட்டிக்கினு இருக்கக் கூடாது."

எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. இவருக்கோ சித்திரையில் அசைய வழியில்லை. வைகாசி முகூர்த்தப் புடவைகள் தறியில் நிற்கும். முதலாளி வீட்டு ஆள் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். நான்தான் விடாப்பிடியாக, "ஒரு நாளு தறி நின்னா குடி முழுவாது, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்டு வரப்போகிற நடை. தெருமுனைவரை காத்திருக்கவில்லை. வாசலிலேயே கேரியரில் ஏறிவிட்டேன்.

போனால், அது அந்த நிலமே இல்லை. புல் இருந்த இடத்தில் மண் வெடித்துக் கிடந்தது. ஆறு என்று சொல்ல மணல்தான் இருந்தது. நிழலுக்கு ஒற்றைப் பனை, அதன் நிழலும் கோடு மாதிரி. அந்தக் கோட்டில் நிலத்துக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். எங்கே கால் வைத்தாலும் நெருஞ்சி.

இவர் நிலத்தின் நடுவில் போய் நின்றார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியதை நான் பார்த்தேன். நான் பார்க்க வந்ததும் அதைத்தான். ஆனால் பார்த்தபோது ஜெயித்ததாகவே தோன்றவில்லை.

திரும்பி வந்தவர் என் கால் பக்கம் உட்கார்ந்தார். என் பாதத்தை எடுத்துத் தன் முட்டியில் வைத்துக்கொண்டு, குத்தியிருந்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அறுந்த பட்டு இழையைத் தேடி எடுக்கிற விரல் அது, வலிக்கவே இல்லை. தலையைத் தூக்காமலே சொன்னார்:

"உன்ன வேற வெயில்ல இழுத்தடிச்சிட்டேன். வுடு. வீட்டையே வாங்கிக்கலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் ஆறு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிணறு, கூடம், ஆணி எல்லாம் எனக்கு.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"இன்னாத்துக்கு வீட்ட வாங்கணும்? சித்திரையில நீங்க இங்க வரப் போறீங்களா? உங்க மொதலாளி வுட்டுடுவாரா? மழை பேஞ்சாதான் தறி நிக்கும். தறி நின்னாதான் நாம வருவோம். நாம வர அன்னிக்கு பச்சையா இருந்தா போதாதா? மத்த நாளு எப்டிக் கெடந்தா நமக்கு இன்னா?"

"நீதான வேணான்னு சொல்லிக்கினு இருந்த?"

"இப்போ வேணும்ன்றேன்!"

"வீடு கேட்டியே?"

"வீடு எனக்குத்தான? காடு உங்களுக்குத்தான? நான் சொல்றேன், காட்ட வாங்குங்க!"

"அறிவு கீதா உனக்கு? வீடுதான் வேணும்!"

"எனக்கு வாணாம்!"

அவர் எனக்காக வீட்டைக் கேட்டார், நான் அவருக்காகக் காட்டைக் கேட்டேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல்முதலாக வாய்விட்டுப் போட்ட சண்டை அதுதான். தட்டி இல்லை, பக்கத்துத் தறி இல்லை. கத்தக் கத்த நெஞ்சில் ஏதோ லேசாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தெரிந்தே நான் கொஞ்சம் கூடுதலாகக் கத்தினேன்.

பனைமரத்தடியிலிருந்து நிலத்துக்காரர் எழுந்து வந்தார். "பாத்துட்டு வுட்டுடுவீங்கன்னுதான வரச் சொன்னேன்? இந்த மண்ணுக்காகப் புருஷன் பொண்டாட்டி அடிச்சிக்கிறத இப்போதான்பா பாக்குறேன்" என்றார்.

வாங்கினோம். எதிர்வரிசை வீட்டை வேறொருவர் வாங்கினார். அவர்கள் பால் காய்ச்சிய அன்று எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. வாங்கிக் குடித்துவிட்டு, பின்கட்டில் போய் அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆசைப்பட்ட வீடு அது. அடுத்த தை மாதம் சொந்தக்காரம்மா மகனுக்குக் கல்யாணம் ஆனது. சொன்னபடியே இடத்தைக் கேட்டாள். குழியை மூடிவிட்டு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனோம். அதற்கப்புறமும் குடி மாறினோம். கடைசிவரைக்கும் குடக்கூலி வீடுதான்.

நான் சொல்ல வந்தது நிலம் எங்களுடையதான பிறகு வந்த முதல் ஐப்பசியைப் பற்றி. மழை தொடங்கி மூன்றாம் நாள் குழியில் தண்ணீர் ஊறியது. ஊரில் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பச்சை திரும்ப வந்திருந்தது. சாப்பிட்டோம், உட்கார்ந்தோம், வாய் வலிக்கப் பேசினோம். அப்புறம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே இருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொள்ளப் போகிறது, கூப்பிட வேண்டும்.

"ஏங்க" என்றேன். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோனது. "ஏங்க, உங்களத்தான்" என்றேன். கேட்கவில்லை.

எங்களில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால்கூட, பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வோம். தனியாக இருக்கும்போதும் அந்தப் பெயரை நான் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. இதோ, இங்கேயும் எழுதவில்லை.

அன்றைக்குச் சுற்றுமுற்றும் பார்த்தேன். நிலம் முழுக்க எங்களுடையது. யாரும் இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவர் சட்டென்று நின்றார். கூப்பிட்டது யார் என்று தெரியாமல், அந்த வெற்று நிலத்தின் நாலு பக்கமும் தேடிப் பார்த்தார்.